துணிவும் கோபமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபமும் துணிவும் ஒரே உணர்ச்சியின் இரண்டு வடிவங்களா?

இல்லை. ஆனால் அப்படித் தோன்றுவதற்குப் போதுமான காரணம் இருக்கிறது. சினந்து எழுந்தவரும் பின்வாங்குவதில்லை, துணிந்து எழுந்தவரும் பின்வாங்குவதில்லை. இருவருக்கும் எதிரில் நிற்பவர் சற்றுத் தயங்குகிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இருவரையும் பிரித்தறிவது கடினம். கோபம் என்பது, நமக்கோ நம்மைச் சேர்ந்தவர்களுக்கோ ஒரு தீங்கு நேர்ந்துவிட்டது, அது தற்செயலாக நேராமல் ஒருவர் செய்ததால் நேர்ந்தது என்ற எண்ணத்திலிருந்து எழும் உணர்ச்சி. துணிவை உணர்ச்சி என்று சொல்வதே பொருந்தாது. ஆபத்து இன்னது என்று தெரிந்த பிறகும் செய்யத் தக்கதைச் செய்கிற இயல்பு அது. கோபம் நிமிடங்களில் வந்து போகும். துணிவு ஒருவரிடம் ஆண்டுக் கணக்கில் வளரும் அல்லது தேயும்.

பழைய இலக்கணத்தார் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே வைத்திருந்தார்கள். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, கூறும்போது பெருமிதத்தையும் வெகுளி என்னும் சினத்தையும் தனித்தனியே நிறுத்துகிறது. உறுப்பறை (உறுப்பை அறுத்தல்), குடிகோள் (குடியைக் கெடுத்தல்), அலை (வருத்துதல்), கொலை ஆகிய நான்கிலிருந்து வெகுளி பிறக்கிறது. நான்குமே ஒருவர் மற்றொருவருக்கு இழைக்கும் கொடுமைகள். அஞ்சாமையைக் குறிக்கும் தறுகண் அந்த வரிசையில் இல்லை. அது கல்வியோடும் புகழோடும் கொடையோடும் சேர்ந்து பெருமிதத்தின் கீழ் வருகிறது. வடமொழி நாடக இலக்கணமும் வீரச் சுவைக்கு ஊக்கத்தையும் ரௌத்திரச் சுவைக்குக் கோபத்தையும் அடிப்படை உணர்ச்சிகளாக வகுத்தது. இரண்டையும் மேடையில் நடித்துக் காட்ட வேண்டியிருந்தவர்களுக்கு அவற்றைக் குழப்பிக்கொள்ளும் வசதி இருந்திருக்காது போலும்.

உடலைப் பொறுத்தவரை இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

இங்கே ஒப்பிட வேண்டியவை கோபமும் அச்சமும். அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-ஆம் ஆண்டில் இவை இரண்டும் உடலில் உண்டாக்கும் மாற்றங்களை விரிவாக எழுதினார். இரண்டிலும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைவாகத் துடிக்கிறது, செரிமானம் மட்டுப்படுகிறது, கல்லீரலில் சேமித்த சர்க்கரை இரத்தத்தில் கலக்கிறது. ஓடுவதற்கும் போரிடுவதற்கும் உடல் ஏறத்தாழ ஒரே ஆயத்தத்தைச் செய்கிறது. பின்னர் 1953-இல் ஆல்பர்ட் ஆக்ஸ் என்பவர், ஆய்வுக்கு வந்தவர்களை ஒருமுறை மின்சார விபத்து நேரப்போகிறது என்று அஞ்சவைத்தும், மறுமுறை முரட்டு உதவியாளர் ஒருவரைக் கொண்டு எரிச்சலூட்டியும் அளந்து பார்த்து, இரண்டு நிலைகளும் முழுக்க ஒன்றல்ல என்று காட்டினார். அச்சம் விலகிச் செல்லத் தூண்டுகிறது, கோபம் நெருங்கிச் செல்லத் தூண்டுகிறது என்பது பிற்கால ஆய்வாளர்கள் பலர் ஏற்றுக்கொண்ட கருத்து.

துணிந்து நிற்பவரின் உடல் அஞ்சுபவரின் உடலாகவே இருக்கலாம். கை நடுங்கலாம், நாக்கு உலரலாம், குரல் பிசிறலாம். ஆகவே ஒருவருடைய நடுக்கத்தைப் பார்த்து அவர் கோழை என்றோ, உரத்த குரலைக் கேட்டு அவர் துணிவுள்ளவர் என்றோ முடிவு செய்வது பெரும்பாலும் தவறாகவே முடியும்.

கோபம் வந்தவுடன் பயம் போய்விடுகிறதே, அது துணிவு ஆகாதா?

இந்தப் பக்கத்தின் மையக் கேள்வி இதுதான். கோபத்தில் பயம் போவது உண்மை. ஆனால் எப்படிப் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஜெனிபர் லெர்னர், டாக்கர் கெல்ட்னர் என்ற இரு உளவியலாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், அஞ்சும் இயல்பு மிகுந்தவர்கள் ஆபத்துகளைப் பெரிதாகவும், கோபம் மிகுந்தவர்கள் அதே ஆபத்துகளைச் சிறிதாகவும் மதிப்பிட்டார்கள். கோபம் கொண்டவர்களின் மதிப்பீடு மகிழ்ச்சியாக இருப்பவர்களின் மதிப்பீட்டை ஒத்திருந்தது என்பது அந்த ஆய்வின் வியப்பான பகுதி. அதே ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, ஏறத்தாழ ஆயிரம் அமெரிக்கர்களிடம் லெர்னரும் வேறு சிலரும் நடத்திய ஆய்விலும் இதே போக்கு தெரிந்தது. நடந்ததை நினைத்துக் கோபப்படும்படி தூண்டப்பட்டவர்கள், அச்சப்படும்படி தூண்டப்பட்டவர்களைவிட, இனி வரக்கூடிய ஆபத்துகளைக் குறைவாகவே கணித்தார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: கோபம் கொண்டவர் அச்சத்தை வெல்வதில்லை. அவருக்கு அந்த நேரத்தில் ஆபத்து சரியாகத் தெரிவதில்லை. எதிரில் இருப்பதை முழு அளவில் பார்த்துவிட்டு, அதன் பிறகும் அடியெடுத்து வைப்பவரிடம் இருப்பது வேறொன்று. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பதைப் பேதைமை என்று குறள் சொல்வதும் இந்த இடத்தைத்தான்.

அரிஸ்டாட்டில் துணிவைப் போலத் தோன்றி, துணிவு அல்லாதவற்றை ஐந்தாக எண்ணினார். குடிமக்களிடையே பெயர் கெடாமல் இருக்க நிற்பது, பழகிய அனுபவத்தால் நிற்பது, சினவேகத்தால் பாய்வது, எப்போதும் வென்றே வந்ததால் வரும் நம்பிக்கை, ஆபத்து இருப்பதே தெரியாமை ஆகியவை அவை. காயம்பட்ட விலங்கு காயப்படுத்தியவன் மீது பாய்வதைத் துணிவு என்று சொல்ல முடியாது என்பது அவருடைய வாதம். வலி துரத்த, வரப்போவதை எண்ணாமல் அது பாய்கிறது. ஆயினும் அவர் சினவேகத்தை முழுக்கத் தள்ளிவிடவில்லை. ஐந்தில் அதுவே இயற்கைக்கு மிக நெருக்கமானது என்றும், அதனோடு தேர்வும் நோக்கமும் சேர்ந்தால் அது உண்மையான துணிவாகலாம் என்றும் எழுதினார். அந்த இரண்டும் சேர்ந்தனவா என்பதைக் கோபம் கொதிக்கும் நேரத்தில் அறிவது கடினம். பெரும்பாலும் பிறகுதான் தெரிகிறது.

கோபத்தில் தொடங்கிய செயல் துணிவாக மாறுவது எப்போது?

கோபம் தணிந்த பிறகும் அந்தச் செயல் தொடரும்போது. இதற்கு மிகத் தெளிவான சான்றாக எனக்குத் தோன்றுவது வியட்நாம் போரில் நடந்த ஒரு நிகழ்ச்சி. 1968-ஆம் ஆண்டு மார்ச் 16 அன்று மை லாய் என்னும் இடத்தில் அமெரிக்கப் படையினர் ஆயுதம் இல்லாத ஊர்மக்களைக் கொன்றுகொண்டிருந்தார்கள். மேலே ஹெலிகாப்டரில் பறந்துகொண்டிருந்த ஹியூ தாம்சன் என்ற இளம் விமானி, கீழே நடப்பது என்ன என்று புரிந்தவுடன், துரத்தும் படையினருக்கும் பதுங்கியிருந்த மக்களுக்கும் இடையில் ஹெலிகாப்டரை இறக்கினார். தம் நாட்டுப் படையினர் அந்த மக்கள் மீது சுட்டால் அவர்களைத் திருப்பிச் சுடும்படி தம்முடன் வந்த கிளென் ஆண்ட்ரியோட்டா, லாரன்ஸ் கோல்பர்ன் ஆகிய இருவரிடமும் சொல்லிவிட்டு, மறைவிடத்தில் இருந்தவர்களை வெளியே அழைத்துக் காப்பாற்றினார். அவர்கள் பிணங்கள் கிடந்த வாய்க்கால் ஒன்றிலிருந்து உயிரோடு இருந்த ஒரு குழந்தையையும் மீட்டார்கள். தளத்துக்குத் திரும்பியதும் தாம்சன் மேலதிகாரிகளிடம் நடந்ததை முறையிட்டார்.

அந்தக் காலைப்பொழுதில் அவருக்குக் கோபம் இல்லாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் அவருடைய துணிவு அந்தக் காலையோடு முடிந்துவிடவில்லை. பிறகு அவர் விசாரணைகளில் சாட்சி சொன்னார். தம் படையினரையே காட்டிக்கொடுத்தவர் என்று ஏசப்பட்டார். கொலை மிரட்டல்களும் வந்தன. அரசு அவருக்கு அதற்குரிய பதக்கத்தை வழங்கியது 1998-இல், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு. ஹெலிகாப்டரை இறக்க வைத்த வேகம் அந்த முப்பது ஆண்டுகளும் ஒருவரைத் தாங்கியிருக்காது. இரத்தத்தில் கலந்த அட்ரினலின் சில நிமிடங்களில் வடிந்துவிடும். சாட்சிக் கூண்டில் ஏறும் நாளில் ஒருவரிடம் எஞ்சியிருப்பது, தாம் கண்டது இன்னது என்ற தெளிவும், அதைச் சொல்லியே தீர வேண்டும் என்ற முடிவும் மட்டுமே.

கோபமே இல்லாமல் துணிவு இருக்க முடியுமா?

முடியும். பல நேரங்களில் கோபம் இருந்தால் துணிவு கெட்டுவிடும் என்றே சொல்லலாம். வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் படைவீரர்களை உளவியலாளர் ஸ்டான்லி ராக்மனும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். 1983-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வீரத்துக்காகப் பதக்கம் பெற்றிருந்தவர்களின் இதயத் துடிப்பு, நெருக்கடியான பணியின்போது, பதக்கம் பெறாத சக வீரர்களின் துடிப்பைவிடக் குறைவாக இருந்தது. குண்டை வைத்தவன் மீது கொதிப்பவரால் அதன் கம்பிகளைப் பிரித்துப் பார்க்க முடியாது.

இடைக்கால ஐரோப்பிய மெய்யியலாளர் தாமஸ் அக்குவினாஸ் ஒரு படி மேலே போய், துணிவின் தலையான செயல் தாக்குவது அன்று, தாங்குவது என்றார். தாங்குபவர் தம்மைவிட வலியதை எதிர்கொள்கிறார். தாக்குபவருக்கு ஆபத்து இனி வரவிருப்பது, தாங்குபவருக்கு அது வந்தேவிட்டது. தாக்குதல் ஒரு வீச்சில் முடியலாம், தாங்குவது நீண்ட காலம் நடக்க வேண்டும். இந்த மூன்று காரணங்களையும் அவர் கூறினார். தீராத நோயோடு நாள்தோறும் எழுந்து நடப்பவரையும், படுக்கையில் கிடக்கும் ஒருவரை ஆண்டுக் கணக்கில் பேணுபவரையும், தம் தவற்றை அதனால் பாதிக்கப்பட்டவர் முன்னால் சென்று ஒப்புக்கொள்பவரையும் எண்ணிப் பார்த்தால் அவர் சொன்னது விளங்கும். இவர்களில் எவருக்கும் கோபம் உதவாது. கோபப்படுவதற்கு எதிரில் ஆள் கூட இல்லை.

அப்படியானால் கோபமே வராமல் இருப்பது நல்லதா?

இதில் பழைய சிந்தனையாளர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்கிறார்கள். கோபப்பட வேண்டியதற்குக் கூடக் கோபப்படாதவர் மூடர் என்றும், தமக்கும் தம்மைச் சேர்ந்தவர்களுக்கும் இழைக்கப்படும் இழிவைப் பேசாமல் பொறுத்துக்கொள்வது அடிமைத்தனம் என்றும் அரிஸ்டாட்டில் கருதினார். ரோமானிய அறிஞர் செனெகாவோ, கோபத்தை ஆராய மூன்று பாகங்கள் கொண்ட நூலையே எழுதி, அது நற்பண்புக்கு எந்த வகையிலும் துணை செய்யாது என்று வாதிட்டார். தந்தையைக் கொல்ல வருபவன் முன்னால் நல்ல மனிதன் கோபப்பட மாட்டானா என்ற கேள்வியை அவரே எழுப்பி, அவன் கோபம் இல்லாமலே தந்தையைக் காப்பான், காப்பது கடமை என்பதே அவனுக்குப் போதும் என்று விடை சொன்னார்.

இருவரும் பாதிப் பாதி சரி என்று எனக்குத் தோன்றுகிறது. அநீதியைக் கவனிக்க வைப்பதில் கோபத்துக்கு ஈடான வேறொன்று இல்லை. ஜெர்மனியில் ஆய்வாளர்கள் சிலர், பங்கேற்பாளர்களின் கண்ணெதிரே ஒரு பொருள் திருடப்படுவதுபோல் நாடகம் நடத்தி, யார் குறுக்கிடுகிறார்கள் என்று பார்த்தார்கள். 2015-இல் வெளிவந்த அந்த ஆய்வில், குறுக்கிட்டதோடு தொடர்புடைய முதன்மையான உணர்ச்சியாக அவர்கள் கண்டது கோபம். குற்ற உணர்ச்சி அந்த அளவு துணை செய்யவில்லை. ஆகவே கவனிப்பதில் நான் அரிஸ்டாட்டில் பக்கம். ஆனால் கவனித்ததன் பிறகு என்ன செய்வது, எவ்வளவு செய்வது, எப்போது நிறுத்துவது என்பவற்றை முடிவு செய்யும் பொறுப்பைக் கோபத்திடம் கொடுக்கக் கூடாது என்பதில் செனெகாவே சரி.

எனக்குக் கோபமே வருவதில்லை என்று பெருமையாகச் சொல்பவர்களிடம் ஒரு கேள்வி கேட்கலாம். வலியவர் முன்னால் மட்டும் வருவதில்லையா, மெலியவர் முன்னாலும் வருவதில்லையா? முதலாவது என்றால் அது பொறுமை ஆகாது.

வள்ளுவர் சினத்தைக் காக்கச் சொல்கிறார், பாரதி ரௌத்திரம் பழகு என்கிறார். இருவரில் யார் சொல்வதைக் கொள்வது?

இருவரும் ஒரே ஆளிடம் பேசவில்லை என்று கொண்டால் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடும். வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறளைப் பாருங்கள்:

செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக்
காக்கின்என் காவாக்கால் என்.

தன் சினம் பலிக்கும் இடத்தில் அதை அடக்குபவனே சினம் காப்பவன். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்பது இதன் கருத்து. வள்ளுவர் இங்கே கண்முன் வைத்திருப்பவர் பிறரைத் துன்புறுத்தும் வலிமை உடையவர். பாரதி எழுதியதோ அயலார் ஆட்சியில் குனிந்து குனிந்து பழகிப்போன மக்களுக்கு. அச்சம் தவிர் என்பதும் ரௌத்திரம் பழகு என்பதும் அதே ஆத்திசூடியில் இருக்கின்றன. அஞ்சி அடங்கியவரிடம் சினத்தைக் காக்கும்படி சொன்னால் அது அவருடைய அச்சத்துக்கு ஒரு நல்ல பெயர் சூட்டியதாகிவிடும். அதிகாரத்தில் அமர்ந்திருப்பவரிடம் ரௌத்திரம் பழகும்படி சொன்னால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. நடைமுறையில் இது தலைகீழாக நடக்கிறது. அதட்டி வேலை வாங்கும் இடத்தில் இருப்பவர் பாரதியை மேற்கோள் காட்டுகிறார். அதட்டப்படுபவர் வள்ளுவரைச் சொல்லித் தம்மைத் தேற்றிக்கொள்கிறார்.

என்னுடையது வெறும் கோபமா, துணிவா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

மேலே சொன்ன குறளே ஒரு நல்ல அளவுகோலைத் தருகிறது. உங்கள் கோபம் எந்தப் பக்கம் பாய்கிறது என்று பாருங்கள். அலுவலகத்தில் மேலாளர் இழிவாகப் பேசும்போது வாய் திறவாமல் இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து பிள்ளையின் மதிப்பெண்ணுக்காகக் கொதிப்பவரின் கோபத்தில் துணிவின் சாயல் கூட இல்லை. அது திருப்பி அடிக்க முடியாத இடத்தைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறது. தனக்கு மேலே இருப்பவரிடம், அதனால் வரும் இழப்பைத் தெரிந்துகொண்டு பேசுபவரின் சொல், எவ்வளவு தணிந்த குரலில் வந்தாலும், வேறு தரத்தது.

இதற்கு ஒரு விலக்கையும் சொல்ல வேண்டும். மேலே இருப்பவரை நோக்கிப் பாய்வதெல்லாம் துணிவு என்று ஆகிவிடாது. தன் பெயர் தெரியாது என்ற உறுதியோடு, ஆயிரம் பேரோடு சேர்ந்து, ஓர் ஆட்சியாளரையோ ஒரு நடிகரையோ வசைபாடுபவர் மேல்நோக்கித்தான் பேசுகிறார். ஆனால் அவர் இழக்கக் கூடியது எதுவும் இல்லை. ஆகவே திசையோடு, என்ன விலை கொடுக்க ஆயத்தமாக இருக்கிறோம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. எதிரில் இருப்பவர் மன்னிப்புக் கேட்டு, செய்த தவற்றைத் திருத்திக்கொண்டால் உங்களுக்கு நிறைவு வருகிறதா, அல்லது ஏமாற்றம் வருகிறதா? ஏமாற்றம் வருகிறது என்றால், தவற்றைத் திருத்துவதைவிட அந்த ஆளைத் தண்டிப்பதிலேயே மனம் இருந்திருக்கிறது.

கோபம் உண்மையில் பயத்தின் மறுமுகம்தான் என்கிறார்களே?

சில நேரங்களில் அப்படி இருக்கிறது. பிள்ளை வரத் தாமதமானால் தாய் அஞ்சிக்கொண்டு காத்திருக்கிறார். பிள்ளை வாசலில் தெரிந்த மறு நொடி அந்த அச்சம் ஏச்சாக வெளிவருகிறது. தமக்கு ஒன்று தெரியவில்லை என்பது வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சும் அதிகாரி, கேள்வி கேட்டவர் மீது எரிந்து விழுகிறார். ஆனால் எல்லாக் கோபத்தையும் அச்சம் என்று விளக்கிவிடுவது சோம்பேறித்தனமான விளக்கம். கண்ணெதிரே ஒருவர் அடிபடும்போது வரும் கோபத்துக்குள் அச்சத்தைத் தேடுவது, அடித்தவனை விட்டுவிட்டுக் கோபப்பட்டவரை ஆராய்ச்சிக்கு உட்படுத்துவதாகும்.

மனத்தில் வைத்திருக்காமல் கொட்டித் தீர்த்துவிட்டால் துணிவு வருமா?

வராது, கோபமும் குறையாது. உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களை முதலில் ஓர் அவமதிப்பால் கோபமூட்டினார். பிறகு சிலரைத் தம்மை அவமதித்தவரை நினைத்துக்கொண்டே குத்துப் பையைக் குத்தச் சொன்னார். சிலரை உடற்பயிற்சியாக நினைத்துக் குத்தச் சொன்னார். மற்றவர்களைச் சும்மா உட்கார்ந்திருக்கச் சொன்னார். அவமதித்தவரை நினைத்துக் குத்தியவர்களே இறுதியில் மிகுந்த கோபத்தோடு இருந்தார்கள். சும்மா இருந்தவர்கள் அடுத்தவரைத் துன்புறுத்தும் போக்கை மிகக் குறைவாகக் காட்டினார்கள்.

கொட்டித் தீர்ப்பதில் இன்னொரு கேடும் உண்டு. உரிய இடத்தில் சொல்ல வேண்டியதை நண்பர்களிடம் சுவையாகச் சொல்லி முடித்துவிட்டால், சொல்லிவிட்டது போன்ற ஒரு நிறைவு வந்துவிடுகிறது. அதன் பிறகு உரியவரிடம் போய்ச் சொல்லும் உந்துதல் எஞ்சுவதில்லை.

ஒரு கூட்டமே கோபமாக இருக்கும்போது துணிவு என்பது என்ன?

பெரும்பாலும் அந்தக் கூட்டத்துக்கு எதிராகவே பேசுவது. அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் 1955 டிசம்பரில், பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ் கைது செய்யப்பட்டதைத் தொடர்ந்து, கறுப்பின மக்கள் பேருந்துப் புறக்கணிப்பைத் தொடங்கினார்கள். 1956 ஜனவரி 30 இரவு, மார்ட்டின் லூதர் கிங் ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, அவருடைய வீட்டின் மீது குண்டு வீசப்பட்டது. உள்ளே இருந்த மனைவியும் கைக்குழந்தையும் காயமின்றித் தப்பினார்கள். கிங் வந்து சேர்ந்தபோது வீட்டு முன்னால் ஆயுதங்களோடும் அடக்க முடியாத ஆத்திரத்தோடும் பெருங்கூட்டம் நின்றது. அப்போது அவருக்கு வயது 27. மனைவியும் பிள்ளையும் நலம் என்று உறுதி செய்துகொண்டு, முன்வாசலில் நின்று, ஆயுதங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்படி அவர்களிடம் சொன்னார். கூட்டம் கலைந்தது. புறக்கணிப்பு மொத்தம் 381 நாட்கள் நீடித்து, பேருந்துகளில் இனப் பிரிவினை முடிவுக்கு வந்தது. அந்த இரவில் பழிவாங்க முன்வருவதற்குப் பலர் ஆயத்தமாக இருந்தார்கள். நாள்தோறும் வேலைக்கு நடந்தே போவதற்குத் தேவைப்பட்டது அந்த ஆத்திரம் தணிந்த பிறகும் எஞ்சிய ஒன்று.

கிங் அன்று சொன்னதைக் கூட்டம் கேட்டது. எப்போதும் கேட்கும் என்பதில்லை. 1922 பிப்ரவரியில் வட இந்தியாவில் உள்ள சௌரி சௌரா என்னும் ஊரில் கூட்டம் ஒன்று காவல் நிலையத்துக்குத் தீவைத்து, காவலர்கள் 22 பேர் இறந்தபோது, காந்தி ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்திவிட்டார். அந்த முடிவு சரியா என்று அன்றே அவருடைய தோழர்கள் சினந்தார்கள், இன்றும் வாதம் தொடர்கிறது. ஆனால் தம் பின்னால் வரும் மக்களின் வெறுப்பைச் சம்பாதித்துக்கொள்ளும் அந்த முடிவுக்குத் துணிவு தேவைப்படவில்லை என்று அவருடைய எதிரிகளும் சொல்ல மாட்டார்கள்.

பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டை எப்படிச் சொல்வது?

சொல்வதைவிட, எதைப் பாராட்டுகிறோம் என்பதில் கவனமாக இருப்பது பயன் தரும். அடித்தவனைத் திருப்பி அடித்துவிட்டு வந்த பிள்ளையைத் தைரியசாலி என்று மெச்சும் பெற்றோர், தான் செய்த தவற்றைத் தானாக வந்து சொல்லும் பிள்ளையை அதே வேகத்தில் மெச்சுவதில்லை. இரண்டாவது செயலுக்கே அதிகத் துணிவு தேவைப்பட்டது. கோபப்படாதே என்று மட்டும் அடக்கி வளர்க்கப்படும் பிள்ளை, தனக்கு இழைக்கப்படும் அநீதியையும் பெரியவர்களிடம் சொல்லாமல் விட்டுவிடக் கூடும் என்பதையும் மறக்கக் கூடாது.

கோபமாக இருக்கும்போது எடுத்த முடிவைக் கோபம் தணிந்ததும் நிறைவேற்றப் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பயம் வருவது நல்ல அறிகுறி. மறைந்திருந்த ஆபத்து இப்போதுதான் உங்களுக்குத் தெரிகிறது. முதலில், அந்த முடிவு இப்போதும் சரியாகத் தோன்றுகிறதா என்று பாருங்கள். கோபத்தில் எடுத்த முடிவுகளில் பாதியை இந்த இடத்திலேயே கைவிட்டுவிடலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இன்னும் சரி என்றே தோன்றினால், நடந்ததை நாள், இடம், சொன்ன சொல் ஆகியவற்றோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கோபம் கூட்டியும் அச்சம் குறைத்தும் காட்டும் நினைவைவிட எழுத்து நம்பத் தக்கது. எதை இழக்க நேரிடலாம் என்பதையும் மழுப்பாமல் எழுதுங்கள். வேலையா, உறவா, மன அமைதியா? அந்தப் பட்டியல் நீங்கள் அஞ்சியதைவிடச் சிறியதாக இருப்பதும் உண்டு, பெரியதாக இருப்பதும் உண்டு.

பிறகு, தனியாகப் போகாதீர்கள். தனியாகச் செய்வதுதான் துணிவு என்ற எண்ணம் கதைகளிலிருந்து வந்தது. தாம்சன் ஹெலிகாப்டரை விட்டு இறங்கி நடந்தபோது பின்னால் இருவர் அவருக்குக் காவலாக நின்றார்கள். உங்களை நம்பும் ஒருவரிடம் என்ன செய்யப் போகிறீர்கள் என்றும், எந்த நாளில் செய்யப் போகிறீர்கள் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் உங்கள் கோபத்தை ஊதிவிடுபவராக இருக்கக் கூடாது. குறித்த நாளில் போனீர்களா என்று கேட்பவராக இருந்தால் போதும்.